புறாமலையின் நீலப் புறாக்கள்

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை நோக்கி வடக்கே செல்லும் கடற்கரை வீதியில், உப்புவெளியையும் நிலாவெளியையும் கடந்தால் இறக்கக்கண்டி வரும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் வங்காள விரிகுடா. களப்பு கடலோடு கலக்கும் இடத்தின் மேலே பாலம். அந்தக் கரையிலிருந்து கடலை நோக்கினால், கருங்கற் பாறைகளும் பற்றைகளுமாக ஒரு சிறு மேடு நீருக்கு மேலே தெரியும். அதுதான் புறாமலை. அரசாங்கப் பதிவுகளில் புறாத்தீவு. சிங்களத்தில் பரெவி தூவ. மூன்று பெயர்களிலும் புறா இருக்கிறது.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தொலைவு. பெரிய தீவின் நீளம் ஏறத்தாழ 200 மீற்றர், அகலம் 100 மீற்றர், உச்சியின் உயரம் 44.8 மீற்றர். அருகே இன்னொரு சிறு தீவு. இவ்வளவுதான் அதன் பரப்பு. ஆயினும் இலங்கையின் தேசியப் பூங்காக்களுள் அதுவும் ஒன்று. இன்று அங்கே செல்பவர்களில் பெரும்பாலோர் பவளப் பாறைகளையும் நிற மீன்களையும் குட்டிச் சுறாக்களையும் காண்பதற்காகவே செல்கிறார்கள். தீவுக்குப் பெயர் கொடுத்த பறவையை எவரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த என்ன இருக்கிறது? கோயில் கோபுரத்திலும் புகையிரத நிலையத்திலும் காணும் அதே சாம்பல் நீலப் புறாதானே என்பதே பொதுவான எண்ணம்.

அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை எடுத்துச் சொல்லவே இந்தக் கட்டுரை. அதற்கு முன்னர், வாசகர்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

*

2023 ஆம் ஆண்டு சனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்கொக்கிலிருந்து வந்து உரிமை கோருவாரற்றுக் கிடந்த பயணப் பொதிகளுள் 45 பந்து மலைப்பாம்புகளைச் சுங்க அதிகாரிகள் கண்டெடுத்தனர். அதே ஆண்டு சூலையில், கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியிலிருந்து 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் வெளிவந்தன. இச்செய்திகளைப் படித்த பலர், மலைப்பாம்பைக் கடத்தி என்ன செய்வார்கள் என்று என்னிடம் கேட்டார்கள். தோலுக்காகவா, மருந்துக்காகவா? இரண்டும் அல்ல. நிறத்துக்காக.

பந்து மலைப்பாம்பு மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்கு உரியது. நம்மூர் வெங்கிணாந்தியோடு ஒப்பிட்டால் சிறியது. அச்சுறுத்தினால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பெனின் நாட்டின் உவீடா நகரில் அதற்குக் கோயிலே இருக்கிறது. இயற்கையில் அதன் நிறம் கரும்பழுப்பும் மண்ணிறத் திட்டுகளும். காட்டில் எப்போதாவது ஒன்று நிறம் மாறிப் பிறக்கும். அப்படிப்பட்ட வெண்மஞ்சள் நிறப் பாம்பு ஒன்றின் நிறம் பரம்பரையாகக் கடத்தப்படுவது 1992 இல் அமெரிக்க வளர்ப்பாளர் ஒருவரால் உறுதிப்படுத்தப்பட்டது. அதன் பின்னர் அதுவே பெரும் வணிகமாயிற்று. ஒரு நிறத்தோடு இன்னொரு நிறத்தைக் கலந்து, பேரப் பிள்ளைகளில் மூன்றாவது ஒன்றை எடுத்து, இன்று ஆயிரக்கணக்கான நிற வகைகளுக்குப் பெயர் சூட்டி விற்கிறார்கள். சாதாரண நிறமுள்ள பாம்புக்கு அந்தச் சந்தையில் மதிப்பே இல்லை. இயற்கையானதே மலிவானது.

முப்பது ஆண்டுகளில் பாம்புக்கு நேர்ந்த இந்தக் கதை, புறாவுக்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. புறாவின் கதையை அறிந்தவர்களுக்குப் பாம்பின் கதை புதிதல்ல.

*

தமிழில் இப்பறவைக்கு மாடப்புறா என்று பெயர். மாடங்களில் வாழ்வதால் வந்த பெயர் அது. பாறை விளிம்பில் கூடு வைக்கும் பறவைக்கு, மனிதன் கட்டிய மாடமும் கோபுரமும் இன்னொரு பாறையாகவே தோன்றியிருக்கின்றன. சங்க இலக்கியத்தில் புறவு என்ற பெயரால் அது வீட்டின் பறவையாகவே வருகிறது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கண்ட சோழர்கள், செம்பியன் என்ற பெயரையும் தாங்கினார்கள்.

வளர்ப்புப் புறாவை நிறத்துக்காகவும் வடிவத்துக்காகவும் கலந்து பெருக்குவதில் மொகலாயப் பேரரசர் அக்பருக்கு நிகர் எவருமில்லை. அவருடைய அரண்மனையில் 20,000 க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததையும், வகைகளைக் கலந்து அவர் புதியன உண்டாக்கியதையும் அபுல் பசல் ஆயினி அக்பரியில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். மயில்போல வால் விரிக்கும் லக்கா, தலையை ஆட்டும் முக்கி, லாகூர், வானில் கர்ணம் அடிக்கும் கர்ணப்புறா ஆகியன இந்தியத் துணைக்கண்டம் போற்றி வளர்த்த வகைகள். வடசென்னையின் மொட்டை மாடிகளில் கர்ணப்புறாவும் சாதாப்புறாவும் பறக்கவிட்டுப் போட்டி நடத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. இலங்கையில் செய்தித் தொழிலின் தொடக்க காலத்தில் புறாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்தன. பத்திரிகை அலுவலகமோ கொழும்பில். 1850 முதற்கொண்டு கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, கப்பலில் வந்த செய்திகளின் சுருக்கத்தைப் புறாக்களின் மூலம் காலியிலிருந்து கொழும்புக்கு வருவித்தது. 1858 இல் தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. அதே 1850 இல், செருமனியின் ஆகன் நகருக்கும் பெல்சியத்தின் பிரசல்சுக்கும் இடையே புறாக்களைக் கொண்டு பங்குச் சந்தை விலைகளை அனுப்பிய ஒருவர் பின்னர் பெரிய செய்தி நிறுவனம் ஒன்றை நிறுவினார். அவர் பெயர் ரொய்ட்டர்.

*

இனி நம்முடைய புறாவுக்கு வருவோம்.

ஐரோப்பியப் பாறைப் புறாவுக்கு முதுகின் கீழ்ப்பகுதி, அதாவது வாலின் அடிக்குச் சற்று மேலே, வெள்ளையாக இருக்கும். இந்தியாவின் பெரும்பகுதியிலும் இலங்கையிலும் வாழும் பாறைப் புறாவுக்கு அவ்விடம் சாம்பல் நிறம். உடலும் சற்றுக் கருமை கூடியது. இந்த வேறுபாட்டைக் கண்டு 1844 இல் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தவர் ஆங்கிலேய அறிஞர் இசுற்றிக்லண்ட். கொலும்பா இண்டர்மீடியா என்பது அவர் இட்ட பெயர். இன்று அது பாறைப் புறாவின் துணை இனமாகக் கொள்ளப்படுகிறது. மொரிசியசுத் தீவில் 17 ஆம் நூற்றாண்டில் அழிந்துபோன டோடோ பறவை புறாக்களின் உறவினமே என்று வாதிட்டு, மெல்வில் என்பவரோடு சேர்ந்து 1848 இல் நூல் எழுதியவரும் இவரே. 1853 இல் இருப்புப்பாதை வெட்டு ஒன்றில் பாறை அடுக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது புகையிரதம் மோதி இறந்தார்.

அவர் இறந்து 2 ஆண்டுகளின் பின்னர், 1855 இல், சாள்சு டார்வின் தம் வீட்டில் புறாக் கூண்டு கட்டினார். இலண்டனின் புறா வளர்ப்போர் சங்கங்கள் இரண்டில் உறுப்பினராகச் சேர்ந்தார். உலகெங்குமிருந்து புறாத் தோல்களை வரவழைத்தார். அப்படி அனுப்பியவர்களுள் ஒருவர் சென்னை அரசாங்கத்தில் உயர் பதவியிலிருந்த வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்து சென்னைக்குக் கொண்டுவந்தவரும், தென்னிந்திய நாணயங்களைப் பற்றி நூல் எழுதியவருமான அதே எலியட்தான். உயிரினங்களின் தோற்றம் என்ற தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே, 1859 இல், டார்வின் எலியட்டுக்கு நன்றி சொல்கிறார். இசுற்றிக்லண்ட் பெயரிட்ட நம் பகுதிப் புறாவையும் அதே அத்தியாயத்தில் குறிப்பிடுகிறார்.

டார்வினின் கேள்வி இதுதான். இத்தனை வகை வளர்ப்புப் புறாக்களும் பல காட்டுப் பறவைகளிலிருந்து வந்தனவா, அன்றி ஒன்றிலிருந்தே வந்தனவா? புறா வளர்ப்போர் ஒவ்வொருவரும் தத்தம் வகைக்குத் தனி மூதாதை உண்டென்று நம்பினார்கள். டார்வின் சோதித்துப் பார்த்தார். கறுப்பான பார்ப் புறாவையும் தூய வெள்ளை லக்காவையும் சேர்த்தார். வெள்ளை உடலும் சிவப்பு வாலும் நெற்றியில் சிவப்புப் பொட்டும் உடைய வேறொரு வகையைப் பார்ப் புறாவோடு சேர்த்தார். இந்த இரண்டு கலப்புகளின் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தபோது பிறந்தது நீலப் புறா. சிறகில் இரண்டு கருங்கோடுகளும் வாலில் கரும்பட்டையும் உடைய, பாறையில் வாழும் காட்டுப் புறாவேதான். கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் கலந்த இடத்தில், அவற்றுள் எதனிடமும் இல்லாத நீலம் எங்கிருந்து வந்தது? எல்லா வகைகளுக்கும் மூதாதை அந்த நீலப் புறாவே என்று அவர் முடிவு கட்டினார். முடிவு சரியானது. ஆனால் மூதாதையின் நிறம் எப்படித் திரும்பி வந்தது என்பதை அவரால் விளக்க முடியவில்லை.

விளக்கத்துக்கான திறவுகோல் மெண்டல் என்ற பாதிரியாரின் பட்டாணித் தோட்டத்தில் இருந்தது. 1866 இல் அச்சான அவருடைய கட்டுரையை உலகம் கவனித்தது 1900 இல். அப்போது டார்வின் இறந்து 18 ஆண்டுகள்.

*

இலங்கைப் பள்ளிகளில் உயிரியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளை ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பரம்பரை அலகுகளைப் பெறுகிறது. தமிழகத்து வாசகர்கள் மரபணு என்று சொல்வது இதைத்தான். ஒன்று ஆட்சியானது, மற்றது பின்னிடைவானது என்றால், வெளியே தெரிவது ஆட்சியானதே. பின்னிடைவானது மறைந்து கிடக்கும். தன் போன்ற இன்னொன்றோடு சேரும்போதுதான் வெளிப்படும். பரம்பரை அலகில் தற்செயலாக நிகழும் மாற்றத்துக்கு விகாரம் என்று பெயர். விகாரம் என்றால் அழகின்மை என்றும் பொருள். புறா வளர்ப்பவருக்கோ விகாரமே அழகு.

நிற வகைகளில் பல, மூல அலகு ஒன்று பழுதானதால் தோன்றியவை. லக்காவில் ஒன்று பழுது, பொட்டுப் புறாவில் வேறொன்று பழுது. ஒன்றில் பழுதானது மற்றதில் நல்லபடியாக இருக்கிறது. இரண்டையும் கலக்கும்போது நல்லவை ஒன்றுசேர்ந்து மூல நிறம் மீண்டுவிடுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதை எளிதில் விளங்கவைக்க ஓர் உவமை உண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் ஏட்டில் முதல் வரியைச் செல் அரித்திருக்கும். மற்றோர் ஏட்டில் கடைசி வரி முறிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முழுப்பாடலும் கிடைத்துவிடும். டார்வின் புறாக்களைக் கொண்டு செய்தது இத்தகைய சுவடி ஒப்பீடே. மூலப்படி என்று ஒன்று இன்னமும் எங்கேனும் இருக்குமானால், அது பாறையில் வாழும் காட்டுப் புறாதான்.

இன்று அந்தப் பழுதுகளின் இடங்களும் கண்டறியப்பட்டுவிட்டன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சப்பிரோவின் ஆய்வுக் குழு 2013 இல், புறாவின் தலைக்கொண்டை ஒரேயொரு பரம்பரை அலகின் மாற்றத்தால் உண்டாவதைக் காட்டியது. 2014 இல் அதே குழு, புறாவின் முக்கிய நிறங்களுக்குப் பொறுப்பான மூன்று அலகுகளை அடையாளம் கண்டது. அவற்றுள் ஒன்றின் பெயர் டயர்ப்-1. நீலம், சாம்பற் சிவப்பு, பழுப்பு என்ற மூன்றும் இந்த ஓர் அலகின் மூன்று வடிவங்கள். சாம்பற் சிவப்பு நீலத்தின் மீது ஆட்சி செலுத்தும். நீலம் பழுப்பின் மீது ஆட்சி செலுத்தும்.

இந்த அலகு பால் நிறமூர்த்தத்தில் அமைந்திருக்கிறது. நிறமூர்த்தத்தைத் தமிழகத்தில் குரோமோசோம் என்பார்கள். பறவைகளில் சேவலுக்கு அந்த நிறமூர்த்தம் இரண்டு, பேட்டுக்கு ஒன்றே. ஆகவே நீலச் சேவலையும் சாம்பற் சிவப்புப் பேட்டையும் சேர்த்தால், பிறக்கும் ஆண் குஞ்சுகள் யாவும் தாயைப்போலச் சாம்பற் சிவப்பு; பெண் குஞ்சுகள் யாவும் தந்தையைப்போல நீலம். பருவம் வருமுன் புறாவில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்வது கடினம். அனுபவமுள்ள வளர்ப்பாளரோ குஞ்சின் நிறத்தைக் கொண்டே சொல்லிவிடுவார். ஆய்வுகூடம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே புறாக் கூண்டுகளில் அறியப்பட்டிருந்த கணக்கு இது.

பாம்புக்கு இங்கேதான் தொடர்பு வருகிறது. பந்து மலைப்பாம்பு வளர்ப்போரிடமிருந்து அஞ்சலில் வந்த பாம்புச் சட்டைகளைக் கொண்டு, அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாம்புக்கும் ஊசி குத்தவில்லை. கழற்றிப் போட்ட சட்டையே போதுமாயிருந்தது. 2022 இல் வெளியான அந்த ஆய்வு மூன்று நிற வகைகளின் காரணத்தைக் கண்டறிந்தது. அவற்றுள் ஒன்றுக்குக் காரணம் டயர்ப்-1 இல் ஏற்பட்ட பழுது. பழுப்புப் புறாவையும் வெளிறிய பாம்பையும் உண்டாக்குவது ஒரே அலகு. மனிதரிலும் அதுவே இருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் சொலமன் தீவுகளில் கறுத்த மேனியும் பொன்னிறத் தலைமுடியுமாகச் சிலர் இருப்பதற்கு, அதே டயர்ப்-1 இல் நேர்ந்த ஒரு மாற்றமே காரணம் என்று 2012 இல் அறியப்பட்டது.

*

இத்தகைய அழகுக்குச் சில வேளைகளில் பெரும் விலை கொடுக்க நேரிடுகிறது. அந்த விலையை வளர்ப்பவர் கொடுப்பதில்லை.

சிறகில் கோடுகளே இல்லாத ஒரு புறா வகை உண்டு. வழுவழுப்பான நீலச் சிறகு. பார்க்க மிக நேர்த்தியானது. கோட்டை அழித்த விகாரம் எது என்பதை 2018 இல் சப்பிரோவின் குழு கண்டறிந்தது. மனிதக் குழந்தைகளைப் பார்வையற்றவர்களாக்கும் நோரி நோய் என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான அதே அலகில்தான் அந்த விகாரம் இருந்தது. கோடற்ற புறாக்களிடையே கண்பார்வைக் குறை மிகுதி என்பதை வளர்ப்பாளர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். வாதுமை நிறத்தில் பல வண்ணத் திட்டுகளோடு பிறக்கும் இன்னொரு வகையில், அந்த அலகை இரு பக்கமும் பெற்ற சேவல்களுக்குக் கண் பெரிதும் பழுதாகிறது. பந்து மலைப்பாம்பில் சிலந்தி என்று அழைக்கப்படும் நிற வகை தலையை நேராகப் பிடிக்க இயலாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். இரையைக் குறி பார்த்துக் கவ்வவும் திணறும். உட்காதின் அமைப்பு உருக்குலைந்திருப்பதை 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை அறிந்தும் அந்த வகையைப் பெருக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லா நிறமும் நோய் என்று நான் சொல்லவரவில்லை. பழுப்புப் புறா நலமாகவே வாழ்கிறது. சிறகில் கட்டம் கட்டமாகக் கறை விழுந்த புறாக்களை நகரங்களில் எங்கும் காணலாம். அந்தக் கட்டத்துக்கான அலகு, ஆபிரிக்காவின் புள்ளிப் புறாவோடு எப்போதோ நேர்ந்த கலப்பில் வந்தது என்பதையும் அதே 2018 ஆய்வு காட்டியது. நான் சொல்லவருவது வேறு. ஓர் அலகு ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை. சிறகுக்குக் கோடு போடுவது கண்ணுக்கும் வேலை செய்கிறது. நாம் கோட்டை மட்டும் அழித்தோம் என்று நினைக்கிறோம்.

கூண்டுக்குள் இருக்கும்வரை இந்தக் குறைகளை மனிதனின் கை ஈடுசெய்துவிடும். தானியம் கிண்ணத்தில் வரும், வல்லூறு வராது. கடற்பாறையில் அப்படியல்ல. புறாமலையில் புறாவுக்கு உணவாகும் நெல்லும் பயறும் விளைவதில்லை. புறா தானியம் தேடிக் கடல் கடந்து கரைக்கு வந்து, மீண்டும் கடல் கடந்து கூட்டுக்குத் திரும்ப வேண்டும். கண் மங்கிய பறவைக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பாறையும் கடலும் வல்லூறும் பிழை திருத்திக்கொண்டே இருந்ததால்தான், அந்த நீலமும் இரண்டு கருங்கோடுகளும் மாறாமல் நிலைத்து வந்திருக்கின்றன.

*

எழுபதுகளின் இறுதியில் மீன்பிடிச் செய்தி ஒன்றுக்காக இறக்கக்கண்டிக்குச் சென்றிருந்தபோது, களப்புக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் புறாமலையைப் பற்றிக் கேட்டேன். "வீட்டுப் புறா மலையில தங்காது தம்பி; மலைப் புறா வீட்டில தங்காது" என்றார். அந்நாளில் அதை ஒரு பழமொழிபோலக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இன்று அதுவே இக்கட்டுரையின் மையக் கேள்வியாகிவிட்டது. அந்த எல்லை இனியும் நிலைக்குமா?

புறாமலை பல இடர்களைக் கண்ட தீவு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அது துப்பாக்கிச் சுடுபயிற்சிக் களமாகப் பயன்பட்டது. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 இல் இலங்கையின் கைக்கு வந்தது. 1963 இல் தீவு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2003 இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை. அதற்கு முன்னும் பின்னுமாக நீண்ட போர். 2009 இல் போர் ஓய்ந்த பின்னர் சுற்றுலாப் படகுகள் பெருகின. குண்டுக்கும் அலைக்கும் தப்பிய பறவைக்கு இனி என்ன இடர் என்று கேட்கலாம். இடர் இன்னொரு புறாவின் வடிவில் வருகிறது.

மனிதர் கூடும் இடத்தில் உணவு சிந்தும். உணவு சிந்தும் இடத்துக்கு நகரத்துப் புறா வரும். நகரத்துப் புறா என்பது கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்புப் புறாவின் வழித்தோன்றல். அக்பர் காலம் முதல் கலந்த அத்தனை விகாரங்களையும் மறைவாகச் சுமந்துகொண்டிருப்பது. காட்டுப் புறாவோடு அது தடையின்றிக் கூடும். பிள்ளைகள் நலமாகவே பிறக்கும். பல வேளைகளில் நீலமாகவே தோன்றும். பின்னிடைவான அலகுகள் மறைந்திருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சில தலைமுறைகளின் பின்னர் பாறை நிறையப் புறாக்கள் இருக்கும். காட்டுப் புறா என்று ஒன்று இருக்காது. ஒரு பறவைகூடச் சாகாமல் ஓர் இனம் அழிந்துபோகும் வழி இது.

இது வெறும் அச்சம் அன்று. ஐரோப்பாவில் இது நடந்துகொண்டிருக்கிறது. பிரித்தானியத் தீவுகளின் பாறைப் புறாக்களை மரபணு அடிப்படையில் ஆராய்ந்து 2022 இல் வெளியான ஆய்வு, இசுக்கொட்லாந்தின் மேற்கே உள்ள வெளி எபிரிடீசுத் தீவுகளின் புறாக்களில் வளர்ப்புப் புறாக் கலப்பு மிகக் குறைவு என்றும், ஓர்க்கினித் தீவுகளில் கலப்பு கூடியிருக்கிறது என்றும் காட்டியது. கரையிலிருந்து தொலைவில் இருப்பதே எபிரிடீசுப் புறாக்களுக்குக் காவல். புறாமலைக்கும் கரைக்கும் இடையிலுள்ள 1 கிலோமீற்றர் கடல் ஒரு காவலே அன்று.

செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பனவல்ல. தீவுக்குச் செல்வோர் உணவுப் பொதிகளை அங்கே அவிழ்க்காமலும் எச்சங்களை விட்டுவராமலும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிக் கரையோர விடுதிகளின் திருமண விழாக்களில் வெள்ளைப் புறா பறக்கவிடும் நாகரிகம் வேரூன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமாதானத்தின் சின்னமாக நாம் கொண்டாடும் வெள்ளைப் புறாவின் நிறமும் ஒரு விகாரமே. பறக்கவிட்ட பின் அது எங்கே போய் யாரோடு கூடுகிறது என்று எவரும் பின்தொடர்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தீவுப் புறாக்களின் உதிர்ந்த இறகுகளை முறைப்படி சேகரித்து ஆராய வேண்டும். பாம்புச் சட்டையில் முடிந்தது இறகிலும் முடியும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் விலங்கியல் துறைகள் இருக்கின்றன. ஓர் இளம் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடைப்பது அரிது.

சாதாரணமானது என்று எண்ணுவதால் நாம் இழந்தவை பல. வட அமெரிக்காவின் வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாவை எண்ணிக்கையில் மிஞ்ச அங்கே வேறொரு பறவை இருக்கவில்லை. அதன் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 ஆம் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. டோடோவும் ஒரு காலத்தில் மொரிசியசுத் தீவுக்காரர்களின் கண்ணுக்குச் சாதாரணப் பறவைதான்.

புலம்பெயர்ந்த திருமலை அன்பர்கள் பலர் விடுமுறையில் ஊருக்குச் செல்கிறீர்கள். பிள்ளைகளைப் புறாமலைக்கு அழைத்துச் சென்று மீன் காட்டுகிறீர்கள். அடுத்த முறை, நீரில் இறங்குமுன் ஒரு கணம் பாறையை அண்ணாந்து பாருங்கள். கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்ன, சிறகில் இரண்டு கருங்கோடுகளோடு, சாம்பல் நிற முதுகோடு ஒரு புறா அமர்ந்திருந்தால், உலகின் அத்தனை லக்காவுக்கும் கர்ணப்புறாவுக்கும் எது மூதாதை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கட்டம் போட்டதும் வெள்ளை கலந்ததும் பழுப்பேறியதுமான புறாக்கள் அங்கே தென்பட்டால், அவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணிக்கை நாளை ஓர் ஆய்வாளருக்குப் பயன்படும்.